கட்டுரைக்குக் கீழே எழுதியவர்

எனெலெஸ் பல வருடம் வானொலியில் சாவு அறிவிப்பு வாசித்தவள். பிளாண்டைர் நகரத்தில் அவள் முகம் யாருக்கும் தெரியாது. ஆனால் மினிபஸ்ஸில் இறங்குமிடம் சொல்ல வாயைத் திறந்தால் முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். "எங்க மாமா தவறினத நீங்கதானே வாசிச்சீங்க?" என்று ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்கியதும் உண்டு. பிறகு வானொலி நிலையம் கைமாறியது. வாங்கியவர்களுக்குப் பாட்டுப் போடுகிற இளவட்டங்கள் போதுமாயிருந்தார்கள். நாற்பதைத் தாண்டியவளுக்குக் கிடைத்தது, டாக்டர்கள் நடத்தும் ஒரு மருத்துவ இதழின் முகநூல் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை.

இதழ் ஆங்கிலத்தில் வரும். அதை டாக்டர்கள் படிப்பார்கள், அல்லது படித்ததாகச் சொல்வார்கள். ஒவ்வொரு கட்டுரையின் சாரத்தையும் ஜனங்கள் பேசும் சிச்சேவா மொழியில் எளிதாக நாலு வரியாக்கி, ஒரு படத்தோடு பக்கத்தில் போடுவது அவள் பொறுப்பு. போட்டு முடித்ததும் கீழே ஜனங்கள் வந்துவிடுவார்கள். மலேரியாக் கட்டுரைக்குக் கீழே ஒருவர் மச்சானின் குடலிறக்கத்துக்கு வழி கேட்பார். இன்னொருவர் 'ஆமென்' என்று மட்டும் எழுதுவார். சர்க்கரை நோய்க்குப் பட்டை விற்கிறவர் தன் போன் எண்ணைப் போடுவார். வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும் டாக்டர் ஒருவர், ஆய்வில் எடுத்த ஆட்கள் போதாது என்று ஆங்கிலத்தில் சண்டைக்கு வருவார். அவர்களுக்கு நடுவில் யாராவது ஒருவர் டாக்டர்களின் தாயாரை இழுப்பார். எல்லாவற்றையும் எனெலெஸ் படிக்க வேண்டும். பதில் சொல்ல வேண்டியதற்குச் சொல்லி, துடைக்க வேண்டியதைத் துடைக்க வேண்டும்.

"சாவுச் செய்தி வாசிக்கிறதே தேவலாம் போலயே அமாய்," என்பான் பக்கத்து மேசையில் இதழை வடிவமைக்கும் கிரேசியன். அம்மா என்பதற்கு அங்கே அமாய் என்பார்கள்.

"செத்தவங்க திருப்பிப் பேச மாட்டாங்கப்பா," என்பாள் அவள், திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு வாரத்தில் பிரசவத்தில் இறந்த தாய்மாரைப் பற்றிய கட்டுரை வந்தது. மாவட்ட ஆஸ்பத்திரி ஒன்றின் பதிவுகளை வைத்து எழுதியிருந்தார்கள். பெண்கள் வீட்டிலேயே தாமதித்து, நிலைமை முற்றிய பிறகே வருவதுதான் பெரும்பாலான சாவுகளுக்குக் காரணம் என்பது அதன் முடிவு. எனெலெஸ் அதைச் சுருக்கி, 'வலி கண்டதும் கிளம்புங்கள், தாமதம் உயிரை வாங்கும்' என்று தலைப்பிட்டுப் போட்டாள். அவளுக்கு அதில் தவறாக ஒன்றும் படவில்லை.

மத்தியானம் ந்சிமாக் களியும் கருவாட்டுக் குழம்பும் தின்றுவிட்டு வந்து பார்த்தபோது பக்கம் கொதித்துக்கொண்டிருந்தது. 'மாமியார்கள்தான் விடுவதில்லை' என்று ஒரு கூட்டம், 'பச்சிலைக் கஷாயம் குடித்தால் இப்படித்தான்' என்று இன்னொரு கூட்டம். நடுவே எழுத்துப்பிழைகளோடு ஒரு பின்னூட்டம் இருந்தது.

'என் மனைவி எஸ்னாட் இந்தச் சாவுக் கணக்கில் இருக்கிறாள். நாங்கள் தாமதிக்கவில்லை. விடிந்ததும் வந்துவிட்டோம். வெளியே உட்காரவைத்தது நீங்கள்.'

அடியில் ஆஸ்பத்திரியின் பெயரும் ஒரு நர்ஸின் பெயரும். எழுதியவர் பெயர் சைசி. முகப்படத்தில் மூட்டை மூட்டையாகக் கரி ஏற்றிய சைக்கிள் ஒன்று நின்றது.

ஆசிரியர் டாக்டர் நியாசுலு பிரசவ வார்டிலிருந்து நேராக வந்திருந்தார். கண்ணெல்லாம் சிவப்பு. திரையைக் குனிந்து பார்த்தார்.

"இத மறைச்சிடுங்க அமாய். நர்ஸ் பேரு போட்டிருக்கான். நாளைக்கு அந்தப் பொண்ணு வீட்டு வாசல்ல கல்லு விழும்."

"பேர மட்டும் எடுக்கச் சொல்லி அவர்கிட்ட கேக்குறேன் டாக்டர். மத்தத விட்டுடலாமே."

"அந்த ஆளு சொல்றது உண்மையான்னு நமக்குத் தெரியுமா?"

"பொய்யான்னும் தெரியாதே."

அவர் பெருமூச்சு விட்டார். வாதாட அவருக்கும் தெம்பில்லை. "சரி, வெள்ளிக்கிழம வரைக்கும் பாருங்க. பிரச்சன வந்தா உங்க தலையிலதான்."

எனெலெஸ் தனியாகச் செய்தி அனுப்பினாள். சைசி மறுபேச்சில்லாமல் நர்ஸின் பெயரை எடுத்துவிட்டு, 'பேச வேண்டுமென்றால் சந்தைக்கு வாருங்கள், போனில் எனக்குச் சொல்ல வராது' என்று எழுதினார். அவள் மினிபஸ் ஏறிப் போனாள். ஏன் போனாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. அவளுடைய வேலையில் அது சேர்த்தியில்லை.

சைசி கரி விற்கிறவர். ஒடிசலான மனிதர், விரலிடுக்கெல்லாம் கருப்பு. அவளுக்கு உட்காரச் சாக்கை மடித்துப் போட்டார்.

"உங்க குரல் எங்கயோ கேட்ட மாதிரி இருக்கே அமாய்."

"ரேடியோவுல இருந்தேன் பம்போ," என்றாள், ஐயா என்று மரியாதை வைத்து.

"அதான். சாவு வாசிக்கிறவங்க." சாக்கின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார். "அவ சாவ காசு கட்டி வாசிக்கச் சொல்ல என்கிட்ட வசதியில்ல அப்ப."

பிறகு சொன்னார். விடிகாலையில் எஸ்னாட்டை சைக்கிளில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். ஆஸ்பத்திரி கேட்டில், கீழே விரிக்கப் பிளாஸ்டிக் தாள் இல்லாமல் உள்ளே விட முடியாது என்றார்கள். கடை திறக்கும்வரை காத்திருந்து வாங்கி வந்தார். அப்புறம் தொப்புள்கொடி வெட்டப் பிளேடு கொண்டுவரவில்லை என்றார்கள். அதையும் வாங்கி வந்தார். அப்புறம் உள்ளே கட்டில் இல்லை, மாமரத்தடியில் இருக்கட்டும் என்றார்கள். வெயில் ஏறி இறங்கியது. அவள் விழுந்த பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

"உள்ள போன நேரத்ததான் எழுதிக்கிட்டாங்க. மரத்தடியில கெடந்தத யாரு எழுதுவா? நீங்க போட்டத என் தம்பி படிச்சுக் காட்டினான். நாங்க வீட்ல இருந்துட்டோமாம்." அவர் குரலை உயர்த்தவில்லை. "புள்ளைய நான் வளத்துக்கிட்டுதான் இருக்கேன். நாளைக்கு அது கேட்டா? உங்க அப்பன் சோம்பேறி, நேரத்துக்குக் கூட்டிட்டுப் போகலன்னு எவனாவது சொல்லிட்டான்னா?"

அந்தத் தலைப்பை எழுதியது தான்தான் என்று எனெலெஸ் சொன்னாள். அவர் தலையசைத்தார். "யாராவது எழுதித்தானே ஆகணும்," என்றார்.

அவள் திரும்பி வந்து தலைப்பை மாற்றினாள். அதற்குள் நேரம் கடந்திருந்தது. சைசியின் பின்னூட்டத்துக்குக் கீழே ஊரே இறங்கியிருந்தது. ஒருவர் அவரைத் தியாகி என்றார். ஒருவர் கட்சிச் சண்டையை இழுத்து வந்தார். ஆஸ்பத்திரியை மூடு என்றவர்களுக்கும், நர்ஸுகளுக்குச் சம்பளம் ஒழுங்காகக் கொடு என்றவர்களுக்கும் கைகலப்பு மாதிரி. கடைசியில் எவனோ, 'இந்த ஆளை எனக்குத் தெரியும், குடிகாரன், கஷாயம் கொடுத்துப் பெண்டாட்டியைக் கொன்றதே இவன்தான்' என்று எழுதினான். எனெலெஸ் துடைத்தாள். வேறு பெயரில் மறுபடி வந்தது. அதையும் துடைத்தாள். இன்னொருவன் அதைப் படமெடுத்து வேறு இடத்தில் போட்டிருந்தான். அவள் கை எட்டாத இடம் அது.

"விடுங்க அமாய். வாளிய வச்சு மழைய நிறுத்தப் பாக்குறீங்க," என்றான் கிரேசியன். கிண்டலாகத்தான் ஆரம்பித்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்துபோய் டீ போட்டுக்கொண்டு வந்து வைத்தான்.

வியாழக்கிழமை சைசியிடமிருந்து போன் வந்தது. சந்தை இரைச்சலுக்கு மேல் கத்திப் பேசினார்.

"அமாய், அத எடுத்துடுங்க."

"பம்போ, டாக்டரே மறைக்கச் சொன்னப்ப நான் மாட்டேன்னுட்டேன். உங்க பக்கம் பேசுறவங்களும் நெறைய பேர் இருக்காங்க."

"யாரு அவங்க? எஸ்னாட்ட அவங்களுக்குத் தெரியுமா? கரி வாங்க வர்றவங்க என் மூஞ்சியப் பாத்துட்டுப் பக்கத்துக் கடைக்குப் போறாங்க. மாமனார் வந்து, கஷாயம் குடுத்தியாடான்னு கேட்டுட்டுப் போறாரு. அவரே கேக்குறாரு அமாய். பேர எடுத்துக் குடுத்த தம்பி இப்ப ஊர்ல இல்ல, எனக்கு அழிக்கத் தெரியல. நீங்க அழிச்சிடுங்க."

எனெலெஸ் அவர் லைனில் இருக்கும்போதே அழித்தாள். அதோடு தொங்கிக்கொண்டிருந்த அத்தனை பேச்சும் சேர்ந்து மறைந்தது. "போயிடுச்சு பம்போ," என்றாள். "நன்றி," என்றார் அவர், கடன் தீர்ந்தவர் போல.

வெள்ளிக்கிழமை டாக்டர் நியாசுலு பக்கத்தைப் பார்த்துவிட்டு, "அப்பாடா, நல்ல முடிவு எடுத்தீங்க," என்றார்.

"என் முடிவு இல்ல டாக்டர்." மரத்தடி, பிளாஸ்டிக் தாள், பிளேடு எல்லாவற்றையும் ஏற்ற இறக்கமில்லாமல், வானொலியில் வாசிப்பது போலவே சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.

"எங்க வார்டு வாசல்லயும் ஒரு மரம் இருக்கு," என்றார்.

அவர் நல்ல மனிதர். கட்டுரை எழுதியவர்களைக் கூப்பிட்டுப் பேசினார். அவர்கள் முதலில் கோபித்தார்கள், பிறகு யோசித்தார்கள். மழை ஓய்ந்து குளிர் வந்தபோது, அடுத்த ஆய்வுக்கு கேட்டிலேயே ஒரு ஆளை நிறுத்தி, பெண்கள் வந்துசேரும் நேரத்தைக் குறித்துக்கொள்ளப் போகிறார்கள் என்ற தகவல் வந்தது. எனெலெஸ் உடனே சைசியைக் கூப்பிட்டுச் சொன்னாள். நெடுநாளைக்குப் பிறகு சொல்வதற்கு ஒரு நல்ல செய்தி கிடைத்திருக்கிறது என்று நினைத்தாள்.

அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, "கேட்ல நிக்கப் போற அந்த ஆளு, நேரத்த எழுதிக்கிட்டதும் அவங்கள உள்ள விடச் சொல்லுவானா?" என்று கேட்டார்.

"கேட்டுச் சொல்றேன் பம்போ," என்றாள்.

கேட்டாள். அது ஆய்வில் சேராது என்றார் டாக்டர், அவள் முகத்தைப் பார்க்காமல். சைசியிடம் அதை அப்படியே சொன்னாள், பூசி மெழுகவில்லை. "சரி அமாய், கரி வாங்க ஆள் வந்திருக்காங்க," என்று அவர் போனை வைத்தார். காலையில் போட்ட கண்புரைக் கட்டுரைக்குக் கீழே ஆட்கள் வந்து சேர்ந்திருந்தார்கள். எனெலெஸ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு மேலிருந்து படிக்கத் தொடங்கினாள்.