பூசையில் இருந்த பிரேக்

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் மெரிலேண்ட்ஸில் குடியிருந்தபோது, வீட்டிலேயே கார் கட்டுவது எப்படி என்று சொல்லும் பழைய புத்தகம் ஒன்றை வாங்கினேன். ஸ்பானர் வாங்குமுன் அதை மூன்று தரம் வாசித்தேன். பள்ளிக்கூடப் பழக்கத்தில் பிரவுண் பேப்பர் உறையும் போட்டேன். கிரீஸ் கையால் புத்தகத்தைத் தொட மனம் வராது. ஒவ்வொரு வரி பார்க்கவும் சோப் போட்டுக் கை கழுவினேன். இப்படியே இரண்டு வருடம் போயிற்று. காரை விட என் கைகள்தான் பளபளத்தன.

மனைவி வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் தாதி. விடியப்புறம் பஸ்ஸுக்கு நின்று சலித்தவள் ஒருநாள் கெடு வைத்தாள். விஜயதசமியன்று காலை, ரோட்டில் ஓட்ட அனுமதி கிடைக்க, செவன் ஹில்ஸில் காரைப் பரிசோதனைக்குக் காட்ட வேண்டும். தேறாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரின் பழைய காரை அவள் வாங்குவாள். என்னுடையது குப்பைக்குப் போகும்.

அதற்கு முதல் நாள் மிச்சமிருந்தது பிரேக் மட்டும். கராஜுக்குப் போனால் புத்தகமும் இல்லை, ஸ்பானர்களும் இல்லை. எல்லாம் சரஸ்வதி படத்துக்கு முன்னால், அவலுக்கும் கடலைக்கும் நடுவில், சந்தனப் பொட்டோடு இருந்தன.

“நாளைக்கு விடியுமட்டும் தொடக்கூடாது,” என்றாள் மனைவி.

“பிரேக் இன்னும் பூட்டேல்லை.”

“புத்தகத்தை மூண்டு தரம் வாசிச்சனீங்கள்தானே.”

“வாசிச்சதும் பூட்டினதும் ஒண்டோ?”

“இதை ரண்டு வருசத்துக்கு முதல் யோசிச்சிருக்கலாம்.”

நான் பொறியியலை நம்புகிறவன்தான். ஆனாலும் சோதனைக்கு முதல் நாள் சரஸ்வதியோடு கொளுவிச் சண்டைக்கு யார் போவார்?

மறுநாள் விடிய, தீபம் காட்டி முடிந்த கையோடு காருக்கு அடியில் புகுந்தேன். இரண்டாவது நட்டோடு ஞாபகம் நின்றுவிட்டது. வழக்கம்போல் வெளியே ஊர்ந்தேன். மனைவி புத்தகத்தோடு கதிரையில் வந்து இருந்தாள்.

“எங்கை போறியள்?”

“கை கழுவ.”

“திரும்பக் காருக்குக் கீழை போங்கோ. நான் வாசிக்கிறன்.”

வாசித்தாள். வார்டில் நோயாளிக்கு மருந்து கொடுக்கும் குரல்.

“இறுக்கியாச்சோ?”

“ஓம்.”

“உண்மையாவோ?”

இன்னொரு தரம் இறுக்கினேன். எட்டு மணிக்கு முன்னமே வேலை முடிந்தது. பரிசோதகர் பிரேக்கை மிதித்தார், கார் நின்றது, தேறினோம்.

“முன்னமே ஒருக்கா என்னை வாசிக்கச் சொல்லியிருக்கலாமே,” என்றாள் வரும் வழியில். எனக்கு அது தோன்றவேயில்லை. புத்தகத்திலும் போடவில்லை.

அடுத்த நாள் விடியப்புறம் அவளை வேலைக்கு ஏற்றிப் போனேன். அவள் வழக்கமாக நிற்கும் பஸ் தரிப்பு வந்தது. “கொஞ்சம் மெல்லப் போங்கோ,” என்றாள். நிற்கிறவர்கள் பார்க்க வேண்டுமாம். பிரேக்கை மிதித்தேன். பிடித்தது.