வாலாட்டிக் குருவியும் லாரிக்காரம்மாவும்

லாரிக்காரம்மாவுக்குப் புருஷன் மேல் பாசம் உண்டு, நம்பிக்கை கிடையாது. பத்தொன்பது வருஷமாக அவர் லோடு இறக்கிவிட்டு வந்து குளிக்கப் போனதும், இவள் லாரியில் ஏறி மீட்டரைப் பார்த்துவிட்டு வருவாள். சொன்ன தூரத்துக்கும் ஓடிய தூரத்துக்கும் பத்துக் கிலோமீட்டர் உதைத்தால் போதும், அன்றைக்குத் தட்டு ணங்கென்று விழும்.

இப்போது பன்னிரண்டு நாளாக மீட்டர் நகரவே இல்லை. கேட்டால் "லோடு இல்லடி" என்கிறார். ஆனால் காலையும் மாலையும் லாரியைத் துடைக்கிறேன் என்று தெருக்கோடிக்குக் கிளம்பிவிடுகிறார். ஓடாத வண்டியில் என்ன அழுக்கு?

ஒருநாள் பின்னாலேயே போனாள். கறுப்பும் வெள்ளையுமாக ஒரு வாலாட்டிக் குருவி அவர் தோளில் உட்கார்ந்திருந்தது. அவர் கையை நீட்ட, மணிக்கட்டுக்குத் தாவி, விரலிலிருந்து புழுவைக் கொத்தித் தின்றது. இவள் கிட்டே வந்தும் பறக்கவில்லை. மாமியார் மாதிரி ஏற இறங்கப் பார்த்தது.

"யார் வீட்டுக் குருவிங்க இது?"

"யார் வீட்டுதும் இல்ல. அதுவா வருது."

"அதுவா வந்து தோள்ல உக்காருமா?"

"என்னையக் கேட்டா? அதையே கேளு" என்றவர், அவளை லாரியின் பின்பக்கம் போகவிடாமல் மறித்தே நின்றார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அவளுக்கு ஒரே யோசனை. மனுஷனைக் கண்டால் பறக்கிற ஜாதி அது. இப்படி ஒட்டுகிறதென்றால் யாரோ ஊட்டி வளர்த்திருக்க வேண்டும். வளர்த்தவள் வீட்டில் இவருக்கும் பழக்கம் இருக்க வேண்டும்.

மறுநாள் அவர் குளிக்கும்போது சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தாள், வாய் திறக்கவில்லை. லாரி நிற்கும் தெருக்கோடிப் பஞ்சர் கடைக்காரன் குரல்.

"மாமா, ஸ்டெப்னிக்குப் பிள்ளை பொறந்தாச்சு! மூணு! சீக்கிரம் வந்து பாரு. அக்கா காதுல மட்டும் போட்டுடாதே."

ஸ்டெப்னி என்றால் லாரியின் உபரிச் சக்கரம். ஆம்பளைகள் கூடி நின்று இளிக்கும்போது அதற்கு இன்னொரு அர்த்தம்: கட்டினவளுக்குத் தெரியாமல் வைத்துக்கொள்கிறவள். லாரிக்காரம்மாவுக்கு அந்த இன்னொரு அர்த்தம் மட்டும்தான் காதில் விழுந்தது. பத்தொன்பது வருஷக் குடித்தனம் கண்முன் சரிந்தது. ஒரே பிரசவத்தில் மூன்றா!

செருப்புகூடப் போடாமல் ஓடினாள்.

"எங்கேடா அவ?"

பஞ்சர் கடைக்காரன் பயந்துபோய் லாரிக்கு அடியில் கையைக் காட்டினான். குனிந்தாள். தொங்கிக்கொண்டிருந்த ஸ்டெப்னிச் சக்கரத்தின் குழிக்குள் வைக்கோல் கூடு. உள்ளே மூன்று சிவந்த வாய்கள். தாய்க்குருவி நகரவில்லை. இவள் வளையலை ஒரு கொத்து கொத்தியது.

தலை துவட்டாமல் ஓடிவந்தார் புருஷன்.

"இதை என்கிட்டச் சொன்னா என்னங்க?"

"சொன்னா, குருவிக்காக எவனாவது லோடை விடுவானா, வண்டிய எடுன்னு கத்துவே."

கத்தியிருப்பாள்தான். மறுபடி குனிந்து கூட்டைப் பார்த்தாள்.

"பறக்க எத்தனை நாளாகும்?"

"பதினஞ்சு நாள்."

அவள் கையிலேயே இருந்த போன் மறுபடி அடித்தது. லோடு புக்கிங் ஆபீஸ்காரர்.

"அண்ணே, ஆக்சில் போயிருச்சு" என்றாள் லாரிக்காரம்மா. "மெக்கானிக் பிரிச்சுப் போட்டுட்டு ஊருக்குப் போயிட்டான், அவன் மாமனாருக்கு முடியலையாம். பதினஞ்சு நாள் ஆகும்ணே."

ஒரு தடவைகூடத் திக்கவில்லை.

புருஷன் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன்டி, இதெல்லாம் எப்போ கத்துக்கிட்டே?"