ஆள்காட்டியின் முட்டைகள்

சாத்தூரை அடுத்த பட்டாசு ஆலையொன்றின் வெளிமுற்றத்தில் நிற்கிறேன். சரளைக் கற்களுக்கிடையே, கற்களைப் போலவே புள்ளியிட்ட நான்கு முட்டைகள் கிடக்கின்றன. அருகே குச்சியில் ஒரு சிவப்புத் துணி நடப்பட்டிருக்கிறது. ஆள்காட்டிப் பறவை எங்கள் தலைக்கு மேல் சுழன்று கதறுகிறது.

"துணி எதற்கு, அம்மா?" என்று அங்குப் பணிபுரியும் மாரியம்மாளைக் கேட்கிறேன்.

"லோடு வண்டி ஏறிறக் கூடாதுல்லய்யா. செவப்பக் கண்டா, மருந்து சிந்திக் கெடக்குன்னு ஒருத்தரும் கிட்ட வரமாட்டாக."

அவர் சொல்லி முடிக்குமுன்பே காவலாளி நீர்வாளியுடன் ஓடி வருகிறார். சிந்திய வெடிமருந்தை நீரூற்றி நனைப்பது இங்குள்ள வழக்கம்.

"ஏண்ணே, ஊத்தாதீக! முட்டை கெடக்கு!"

திகைத்தவர் வாளியைத் திருப்ப, நீர் பக்கத்துப் பள்ளத்தில் விழுகிறது. "முட்டைக்குமா செவப்புத் துணி? என் உசுரே போயிருச்சு, தாயி!"

மூவரும் வேம்பின் நிழலுக்கு விலகுகிறோம். கதறல் அடங்குகிறது. பறவை இறங்கி, பள்ளத்து நீரில் மார்பை அழுத்தி நனைக்கிறது. ஈரம் சொட்ட நடந்து, வெயிலில் சுடும் முட்டைகளின்மேல் மெல்ல அமர்கிறது.

"இன்னொரு வாளி கொண்டாரட்டா?" என்று காவலாளி தணிந்த குரலில் கேட்கிறார்.