கப்பலில் கூடுதலாக ஒருவர்

தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தால் ஸுல்பிகா முதல் மணியிலேயே எடுத்துவிடுவாள். பெரும்பாலும் தொலைபேசி இணைப்பு விற்கும் யாரோ ஒரு கொழும்புப் பெண்ணாக இருக்கும். முழுவதையும் கேட்டு, எந்த ஊர் என்றும் விசாரித்த பிறகுதான் வைப்பாள். டோஹாவில் வேலை செய்யும் எனக்கு ஊர் இலக்கம் திரையில் விழுந்தாலே என்ன கெட்ட செய்தியோ என்றிருக்கும். உம்மாவின் தங்கையான சாச்சியின் மகள் ஸுல்பிகாவுக்கோ முகம் மலரும்.

அவளுடைய கணவர் றிப்தி சாய்ந்தமருதுக் கரையிலிருந்து ஆழ்கடலுக்கு மீன்பிடிக்கப் போன படகு நான்கு மாரிகாலத்துக்கு முன் காணாமல் போனது. அப்படிப் போனவர்கள் அந்தமானில் ஒதுங்கி, மாதக்கணக்கு கழித்து வீட்டோடு கதைத்ததும் உண்டு. ஆகவே குளிக்கப் போகும்போதும் தொலைபேசி பொலித்தீன் பையில் கூடவே போகும்.

சனிக்கிழமைகளில் கல்முனையில், புடைவைக் கடை ஒன்றின் மேல்மாடியில், தரவுப் பகுப்பாய்வு படிக்கிறாள். நான் விட்டுப்போன பழைய மடிகணினியில் ஒரு விசை கழன்றுவிட்டது. அந்த இடத்தில் சட்டைப் பொத்தான் ஒன்றை ஒட்டியிருக்கிறாள். ஆங்கிலப் பாடத்தைத் தமிழில் தனக்குத்தானே சத்தமாகச் சொல்லிப் பார்ப்பாள், யாருக்கோ கதை சொல்வதுபோல.

இந்த விடுமுறையில் நான் போனபோது டைட்டானிக் கப்பலின் பயணிகள் அவள் திரையில் இருந்தார்கள். ஆளுக்கொரு வரி. பெயர், வயது, ஆணா பெண்ணா, எந்த வகுப்பு. தப்பியவருக்கு ஒன்று, இறந்தவருக்குப் பூச்சியம். எதையும் முடிவுகட்டும் முன் தரவைச் சுற்றிப் பார்க்க வேண்டும், வெற்றுக் கட்டங்களைத் தேட வேண்டும் என்பது ஆலையடிவேம்பிலிருந்து வந்து படிப்பிக்கும் கோகுலன் சேரின் கட்டளை. வயது தெரியாத இடத்தில் மற்றவர்களின் வயதுகளில் நடுவானதைப் போட்டு நிரப்பலாம் என்றும் சொல்லியிருந்தார்.

அவள் அனுப்பிய பயிற்சி திரும்பி வந்தது. கப்பலில் ஓர் ஆள் கூடுதல். கடைசி வரியில் அவளே சேர்த்த றிப்தி, ஆண், மூன்றாம் வகுப்பு. தப்பினாரா என்ற கட்டம் மட்டும் வெறுமை. யார் இது என்று சேர் கேட்டிருக்கிறார். சொன்னதும் அவர் கதிரையை இழுத்து உட்கார்ந்துவிட்டாராம். அவரைத் தேற்ற இவளே, "அவ்வளவு பெரிய கப்பல் சேர், ஒராளுக்கு இடமில்லையா?" என்று பகிடி விட்டாளாம். வகுப்புப் பிரதியில் மட்டும் அந்த வரியை எடுத்துவிடுங்கள், உங்கள் பிரதியில் இருக்கட்டும் என்றாராம் அவர்.

ஒருநாள் பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு மாமி ஸைனம்பு, றிப்தியின் தாயார், ஒரு பையோடு வந்தார். பைக்குள் வெள்ளைப் புடைவை. காதி நீதிபதியிடம் போய் றிப்தி மவுத்து, இறந்துவிட்டார் என்று தீர்ப்பு வாங்கி, வெள்ளை உடுத்து, கணவனை இழந்தவள் வீட்டோடு ஒதுங்கியிருக்கும் இத்தாவை ஸுல்பிகா இருந்து முடிக்க வேண்டும், பிறகு வேறொரு வாழ்க்கை பார்க்கலாம் என்று இரண்டு குடும்பமும் கதைத்து முடித்திருந்தது. அதைச் சொல்லும் பாரம் பெற்றவளின் தலையில் விழுந்திருந்தது. மாமி பையை மடியில் வைத்துக்கொண்டு, வந்த கதையைத் தொடங்காமல், கணினியில் என்ன பார்க்கிறாய் என்று கேட்டார்.

ஸுல்பிகா மூன்றாம் வகுப்பு ஆண்களை மட்டும் பிரித்துத் தூண் வரைபடமாக வரைந்து காட்டினாள். பூச்சியத்தின் தூண் ஓங்கி நின்றது. ஒன்றின் தூண் குட்டை.

"கொஞ்சப் பேர்தான் மாமி தப்பியிரிக்காங்க."

மாமியின் கண் அந்தக் குட்டைத் தூணிலேயே நின்றது. "கொஞ்சமெண்டாலும் அதுவும் ஆக்கள்தானே புள்ள."

பிறகு மகனைக் காட்டச் சொன்னார். அவள் தன் பிரதியைத் திறந்து கடைசி வரிக்கு இறங்கினாள்.

"இந்தக் கட்டத்துல நீ என்ன போட்டிரிக்காய்?"

"ஒண்டும் போடல மாமி. வயசெண்டா நாம நிரப்பலாம். இத நிரப்ப ஏலா."

திரையில் கடற்கரைத் தூசு படிந்திருந்தது. மாமி மடியிலிருந்த பையைப் பிரித்தார். வெள்ளைப் புடைவையின் தலைப்பை வெளியே இழுத்து, மகனின் வரிமேல் படிந்த தூசை ஓரத்திலிருந்து ஓரம் வரை துடைத்தார்.