பெரட்டுத் தப்பு அடிக்காத ஊர்ல எங்கம்மா

இன்னிக்குக் காலையில போன் அலாரம் அடிக்கல.

பதறி எழும்பி, மூஞ்சி கழுவி, சேலை மாத்தி, ஹேன்ட்பேக்கத் தூக்கிக்கிட்டு கேட் வரைக்கும் வந்துட்டேன். பிள்ளை மடுவத்தத் தொறக்கணும்ல? (வேலைக்குப் போறவங்களோட கைப்புள்ளைங்களத் தோட்டத்துல பாத்துக்குற எடம்.)

அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. நான் ரிட்டயர் ஆகி எவ்வளவோ வருஷம் ஆச்சு. (சிரிக்காதீங்க. உங்களுக்கும் வயசாகும்.)

கேட்ட புடிச்சுக்கிட்டு நிக்கிறப்போ அம்மா ஞாபகம் வந்துருச்சு. அறுபதுகளோட ஆரம்பத்துல அவங்களும் இதே மாதிரி ஒரு வாசல்ல நின்னாங்க.

எங்க செல்லம் அக்கா, தேயிலைத் தோட்டத்துக்கு லொறி ஓட்ட வந்த குணபால அத்தானக் கட்டிக்கிட்டுப் போயிட்டா. சிங்களவர். கினிகத்தேனைப் பக்கம் நாட்டுல வீடு. (சிங்கள கிராமத்த நாங்க 'நாடு'ன்னுதான் சொல்லுவோம்.) அன்னையிலேர்ந்து அம்மா அக்கா பேர வாயால சொன்னதில்ல.

புள்ள பொறந்திருக்குன்னு சேதி வந்துச்சு.

"பேரப்புள்ளையப் பாத்துட்டு அடுத்த பஸ்ல வந்துருவேன். அந்த வீட்டுல பச்சத் தண்ணி கூட குடிக்க மாட்டேன்"னாங்க அம்மா.

சொன்னா சொன்னதுதான். மலைக்குக் கொழுந்தெடுக்கப் போற மாதிரியே ரொட்டியச் சுட்டுக் கட்டிக்கிட்டு, போத்தல்ல சாயத்தண்ணி, அதான் பால் இல்லாத தேத்தண்ணி, ஊத்திக்கிட்டுக் கெளம்பிட்டாங்க. சம்பந்தி வீட்டுக்குப் போத்தலோட போன ஒரே ஆளு எங்கம்மாதான்!

அம்மாவும் நானும் ஹட்டன்ல பஸ் ஏறி, எறங்கி, வயல் வரப்புல நடந்து போனோம். பலா மரம், மிளகுக் கொடி, ஒரு சின்ன ஓடை. வரிசையா ஒட்டிக் கட்டுன லயத்துல பொறந்து வளந்த எனக்கு அந்த அமைதி அதிசயமா இருந்துச்சு. எங்க லயத்துல பக்கத்துக் காம்பராக்காரர் இருமினா எங்க வீட்டுல தூக்கம் கலையும். இங்க அடுத்த வீடே கண்ணுக்குத் தெரியல.

அத்தானோட அம்மா ஓடி வந்து "எண்ட, எண்ட"ன்னு கையப் புடிச்சுக் கூப்புட்டாங்க. தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. எங்கம்மாவுக்குச் சிங்களம் ஏதோ கடையில சாமான் கேக்குற அளவுக்கு வரும்.

தேத்தண்ணி வந்துச்சு. அம்மா வேணாம்னு தலையாட்டிட்டாங்க.

சோறு வந்துச்சு. "பசிக்கல"ன்னு சொல்லிட்டு ரொட்டிப் பொட்டலத்தப் பிரிச்சாங்க. எனக்குப் பூமி பொளந்து உள்ள போயிறலாம் போல இருந்துச்சு. (பலாக்காக் கறி வேற. நான் ரெண்டு தடவை வாங்கித் தின்னேன்.)

புள்ளைய எட்டி நின்னு பாத்தாங்க. தூக்கல.

அக்கா என்னைய அடுப்படிக்கு இழுத்துட்டுப் போய்ச் சொன்னா: "இன்னிக்கு இந்த வீட்டுல ஒரு வாய் குடிக்காமப் போனாங்கன்னா, அம்மா இனிமே வர மாட்டாங்க. எனக்குத் தெரியும்."

அந்த நேரம் பாத்து மழை புடிச்சுக்கிச்சு. ஓடை பெருகி, பஸ்சும் போயிருச்சு. வேற வழியில்லாம அங்கயே தங்கினோம். அம்மாவோட போத்தலும் காலி. தாகத்தோடயே படுத்தாங்க, அப்படி ஒரு வீம்பு.

தோட்டத்துல எங்களுக்குக் கடிகாரம் கெடையாது. விடியக்காலைல தப்பு மேளம் அடிப்பாங்க, எழும்பி ஆள் கணக்கெடுக்குற பெரட்டுக் களத்துக்கு ஓடணும். வரிசையில நிக்கிறவங்களுக்குத்தான் அன்னிக்கு வேலை. பிந்தினா வீட்டுக்குத் திருப்பி அனுப்பிருவாங்க. அம்மாவுக்கு வெவரம் தெரிஞ்சதுலேர்ந்து அந்தத் தப்புச் சத்தம்தான் விடியல்.

நாட்டுல ஏது தப்பு?

வெளிச்சம் பட்டு அம்மா கண்ணு முழிச்சாங்க. "ஐயோ, விடிஞ்சிருச்சு. எல்லாரும் போயிட்டாங்கடி"ன்னு எழும்புன எழும்புல, மூலைல கெடந்த சாக்கக் கொழுந்தெடுக்கக் கட்டுற மாதிரி இடுப்புல சுத்தி, தாழ்வாரத்துல இருந்த கூடையத் தூக்கிக்கிட்டு ஓட்டம்.

நான் பின்னாலயே ஓடுறேன். "அம்மா, இது தோட்டம் இல்லம்மா."

காதுல விழல. வாசல் முடிவுல போய், வரிசையில நிக்கிற மாதிரி வெறைப்பா நின்னுட்டாங்க. முன்னால கங்காணியும் இல்ல, கணக்கப்புள்ளையும் இல்ல. ஒரு பசு மாடுதான் நின்னுச்சு.

வாசல் கூட்டிக்கிட்டிருந்த அத்தானோட அம்மா இதப் பாத்தாங்க. இடுப்புல சாக்கு, கையில மிளகுக் கூடை. சம்பந்தியம்மா மிளகு பறிக்க ஒத்தாசைக்கு வந்து நிக்கிறாங்கன்னு நெனச்சுட்டாங்க.

அந்த மூஞ்சில வந்த சந்தோஷத்த நான் இன்னும் மறக்கல.

விளக்குமாத்தப் போட்டுட்டு உள்ள ஓடி, இன்னொரு கூடைய எடுத்துக்கிட்டு வந்து, எங்கம்மாவுக்குப் பக்கத்துலயே நின்னாங்க.

அம்மாவுக்கு அப்பதான் சுயநினைவு வந்துச்சு. என்னையப் பாத்தாங்க, கூடையப் பாத்தாங்க. பெரட்டுன்னு நெனச்சு ஓடி வந்தேன்னு எப்படிச் சொல்றது? மானம் போயிரும்ல? பேசாம அந்தம்மா பின்னாலயே மிளகுக் கொடிக்கு நடந்துட்டாங்க.

வெயில் ஏறுற வரைக்கும் ரெண்டு பேரும் பறிச்சாங்க. அம்மா தமிழ்ல மழையத் திட்டுனாங்க, அவங்க சிங்களத்துல எதையோ திட்டுனாங்க. நல்லா ஒத்துப்போச்சு.

அப்புறம் அந்தம்மா உள்ள போய் ஒரு கோப்பை சாயத்தண்ணியும் கித்துள் கருப்பட்டித் துண்டும் கொண்டாந்து நீட்டுனாங்க. மலையில தேத்தண்ணி நேரத்துல வாங்குற மாதிரியே, அம்மா ரெண்டு கையாலயும் வாங்கி, கருப்பட்டியக் கடிச்சுக்கிட்டு மடமடன்னு குடிச்சு முடிச்சாங்க.

நிமிந்து பாத்தா, கதவுகிட்ட அக்கா. கையில புள்ள, கண்ணு நெறைய தண்ணி.

அம்மா கோப்பையக் கீழ வச்சாங்க.

"என்னடி பாக்குற? வேலை செஞ்சேன், குடிச்சேன். சும்மாவா குடிச்சேன்?"

அக்கா மூக்க உறிஞ்சிக்கிட்டே கேட்டா: "அப்ப மத்தியானச் சோத்துக்கு என்னம்மா வேலை குடுக்குறது?"

அம்மா இடுப்புச் சாக்க அவுத்து ஒதறி மடிச்சாங்க.

"சுடுதண்ணி வை. புள்ளையக் குடு, குளிப்பாட்டுறேன்."

அந்தப் புள்ளைக்கு இப்போ தலை நரைச்சிருச்சு. இந்தப் போஸ்ட்டப் பாத்தா கமெண்ட்ல வந்து "சித்தி, மானத்த வாங்குறீங்க"ம்பான். (வாடா, வா.)

ஆங், இன்னிக்கு நான் கேட்டுகிட்ட நின்ன கதைய முடிக்கல.

பக்கத்து வீட்டுக்குப் புதுசாக் குடி வந்திருக்காங்க. அந்த வீட்டுப் பொண்ணுகூட நான் இன்னும் பேசுனதே இல்ல. சேலையும் ஹேன்ட்பேக்குமா நான் நிக்கிறதப் பாத்துட்டு, "ஆன்ட்டி, கோயிலுக்கா? இருங்க, நானும் வாறேன்"னு செருப்பப் போட்டுக்கிட்டு ஓடி வந்துச்சு.

பிள்ளை மடுவம் தொறக்கக் கெளம்புனேன்னு எப்படிச் சொல்றது? கோயிலுக்குப் போயிட்டு வந்துட்டோம்.