இரவல் புலம்பல்

போன புதன்கிழமை மருதனார்மடத்துக்குப் பக்கத்தில் ஓர் அந்தியேட்டி வீட்டுக்குப் போயிருந்தேன். நான் எழுதிய கல்வெட்டைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார்கள். எழுதியவர் என்ற முறையில் எனக்கு முன்வரிசையில் ஒரு கதிரை. தோளில் சால்வை, கையில் தேத்தண்ணி... கொஞ்சம் பெருமையாகவே இருந்தேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

செத்தது என் நண்பர் நவரத்தினத்தின் மகள் வசந்தி. பத்தொன்பது வயது. ரியூசனுக்குச் சைக்கிளில் போன பிள்ளை. வழியில் ஷெல் விழுந்தது. அவ்வளவுதான். (பெயர்களையெல்லாம் மாற்றியிருக்கிறேன். என் பெயர் மட்டும் இந்தப் பத்தியின் மேலே அப்படியே இருக்கிறது.)

கடல் கடந்து போய் இந்தப் பத்தியைத் தபாலில் எடுப்பித்து வாசிக்கிறவர்களின் பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை. கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டுவதல்ல. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நாங்கள் அச்சடிக்கிற சின்னப் புத்தகம். செத்தவரின் குலம், குணம் எல்லாம் பாட்டாக இருக்கும். பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், தாய் புலம்பல் என்று ஆளுக்கொரு பகுதி. புலம்பல் அவர்கள் பெயரில். எழுதுவது என்னைப் போன்றவர்கள். இந்த முப்பது வருடத்தில் நான் மனைவியாக அழுதிருக்கிறேன், மகனாக அழுதிருக்கிறேன், மாமியாருக்காக மருமகளாகக்கூட அழுதிருக்கிறேன் – அதுதான் மிகவும் கஷ்டம்!

வாசித்தவர் நல்ல குரல்காரர். தாய் புலம்பலுக்கு வந்தார். வசந்தியின் தாய் சுவரோடு சாய்ந்து அழுதுகொண்டிருந்தா. பெண்கள் எல்லோரும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

‘இடக்கையால் கோலமிட்டால் ஏசுவனே என்மகளே...’

வசந்தியின் தாய் சட்டென்று அழுகையை நிறுத்தினா. தலையை நிமிர்த்திப் புருசனைப் பார்த்தா.

“என்ரை பிள்ளை இடக்கை இல்லையே...”

வாசித்தவர் தடுமாறி என்னைப் பார்த்தார். நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தேன். அந்த அமைதியில் பெண்கள் பக்கத்தில், கடைசியில், தூணோரம் இருந்த ஒருத்தி – நான் முன்பின் கண்டிராதவ – அடுத்த வரியைச் சொன்னா. அது இன்னும் வாசிக்கப்படவில்லை. அவவின் கையில் புத்தகமும் இல்லை.

“எந்தக்கை யானாலும் ஏசமாட்டேன் எழும்பிவா.”

சொல்லிவிட்டு எழுந்தா. அழவில்லை. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு படலையைத் திறந்து போய்விட்டா.

“உது கௌரியின்ரை தாய், பரமேஸ்வரி,” என்றா ஒருத்தி. “உவவின்ரை பிள்ளையும் ஷெல்லிலைதான் போனது. பிள்ளையைப் பறிகுடுத்த வீடெண்டால் தெரியாத வீட்டுக்கும் வந்து இருந்திட்டுப் போவா, பாவம்.”

“அச்சுப் பிழையாய் இருக்கும், வாசியுங்கோ,” என்றார் இன்னொருவர். எல்லோரும் தலையாட்டினார்கள். பிரெஸ்ஸில் எழுத்துக் கோக்கிற மனிதர் மேல் பழி போய் விழுந்தது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

நடந்தது இதுதான். அந்தக் கிழமை மட்டும் எனக்கு மூன்று கல்வெட்டு. வயதுபோனவர் என்றால் எழுதலாம். கிணறு வெட்டினார், பிள்ளைகளைப் படிப்பித்தார், பேரப்பிள்ளையைக் கண்டார்... பாட்டுத் தானாக வரும். பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு என்னத்தை எழுதுவது? அவள் எதைச் செய்து முடித்தாள்? மற்றதெல்லாம் எழுதிவிட்டேன், தாய் புலம்பல் மட்டும் வரவில்லை. பிரெஸ்ஸில் மாதிரிக்கென்று பழைய கல்வெட்டுகளைக் கட்டி வைத்திருப்பார்கள். ஒன்றை உருவினேன். தெல்லிப்பழைப் பக்கத்துப் பிள்ளை, கௌரி. தாய் புலம்பல் நான்கு பாட்டு. வாசித்தேன். நன்றாக இருந்தது. பொறாமைப்படும்படி நன்றாக இருந்தது.

யாரோ எங்கள் ஆட்களில் ஒருவர் எழுதியது என்று நினைத்தேன். எங்களுக்குள் எடுப்பதும் கொடுப்பதும் வழக்கம். என் பாட்டு எத்தனை பேரின் சாவுக்குப் போயிருக்கிறதோ யார் கண்டது? கௌரியை வெட்டிவிட்டு வசந்தி என்று போட்டேன். ஓசை கொஞ்சம் இடித்தது. அதையும் தட்டிச் சரிப்படுத்தினேன். இடக்கையை மோனைக்காகப் போட்டிருக்கிறார்கள் என்று எண்ணி விட்டுவிட்டேன். தாய் புலம்பலைத் தாயே புலம்பியிருப்பாள் என்று எனக்குத் தோன்றவேயில்லை. முப்பது வருடத்தில் அப்படி ஒன்றை நான் கண்டதில்லையே!

இதே இடத்தில் இரண்டு மாதத்துக்கு முன் நான் எழுதியது ஞாபகமிருக்கிறதா? காசுக்குக் கசெற்றில் பாட்டுப் பதிந்து கொடுக்கிற ரெக்கோடிங் பார்க்காரர்களை வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தேன். பாட்டெழுதினவன் ஒருவன், மூச்சுப்பிடித்துப் பாடினவன் ஒருவன்... வெற்றுக் கசெற்றைச் செருகிப் பட்டனை அமத்துகிறவன் முதலாளியா? கள்ளக் கொப்பி கள்ளக் கொப்பிதான் – என்று. பாராட்டிக் கடிதங்கள்கூட வந்தன. ஒரு கடைக்காரர் மட்டும் சந்தியில் மறித்துக் கேட்டார்: “மாஸ்டர், நான் கொப்பி பண்ணினால் முதல் கசெற்றிலை இருக்கிற பாட்டுக் குறைஞ்சு போகுமே?” திருட்டுக்கு நியாயம் கதைக்கிறீரோ என்று சீறிவிட்டுச் சைக்கிளை உழக்கினேன். ஊருக்கு உபதேசம்!

அடுத்த நாள் நவரத்தினத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவர் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“அப்ப, என்ரை பிள்ளைக்கெண்டு அழுத வரியில்லையோ, மாஸ்டர்?”

நாற்பது வருடச் சிநேகிதம். முதன்முதலாக அவர் என்னை மாஸ்டர் என்றார்.

அங்கிருந்து நேராகத் தெல்லிப்பழைக்குப் போனேன். பரமேஸ்வரி முற்றத்தில் குந்தியிருந்து வெங்காயம் பிடி கட்டிக்கொண்டிருந்தா. என்னை அடையாளம் கண்டுகொண்டா. ஏசுவா என்று பார்த்தேன். “இருங்கோ” என்று பக்கத்திலிருந்த வாங்குப் பலகையைக் காட்டினா.

“நான் செய்தது பெரிய பிழை, தங்கச்சி. ஆரோ புலவர் எழுதினதெண்டு நினைச்சுப்போட்டன்.”

“புலவர் எழுதேல்லை மாஸ்டர். நானும் எழுதேல்லை. செத்தவீட்டிலை அழேக்கை வந்தது. என்ரை தம்பி கொப்பியிலை எழுதிக்கொண்டுபோய்க் குடுத்தவன்.”

அதற்கு நான் ஒன்று சொன்னேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

“உங்கடை கல்வெட்டிலை அது அப்பிடியேதானே இருக்கு. அதுக்கொரு குறையும் வரேல்லைத்தானே...”

சந்தியில் மறித்த கடைக்காரரின் நியாயம்! என் வாயிலிருந்து!

பரமேஸ்வரி கட்டிய பிடியைக் கீழே வைத்தா.

“ஒவ்வொரு நாளும் விளக்கு வைக்கேக்கை அதைச் சொல்லித்தான் அழுறனான். அழுதால் நெஞ்சு கொஞ்சம் ஆறும். நேற்றும் தொடங்கினன். வாயிலை வசந்தி எண்டு வருது. திரும்பத் தொடங்கினாலும் அந்த வீடும் அந்தத் தாயின்ரை முகமும்தான் வருது. அந்தப் பிள்ளையும் பாவம்தான்... ஆனால், என்ரை பிள்ளைக்கு அழ என்னட்டை இப்ப ஒண்டுமில்லை.”

குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் நான் தப்பியிருப்பேன். ஒருவரின் எழுத்தை எடுத்தால் பேர் போகும், புகழ் போகும் என்றுதான் இதுவரை எழுதி வந்திருக்கிறேன். அழுகையே போய்விடும் என்று எந்தப் பத்தியில் எழுதினேன்?

வெட்கம் ஒருபக்கம், பயம் ஒருபக்கம். ஏதாவது கொடுத்துவிட்டு ஓடிவிடவேண்டும் போலிருந்தது. எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதானே?

“தங்கச்சி, கௌரிக்கெண்டே புதிசாய் ஒண்டு எழுதித் தாறன். ஒருத்தரிட்டையும் எடுக்காமல்... நானே இருந்து எழுதித் தாறன்.”

அவ என்னை நிமிர்ந்து பார்த்தா. எனக்காக இரங்கினமாதிரித்தான் இருந்தது.

“எழுதுவியள் மாஸ்டர். உங்களுக்கு எத்தினையும் வரும். எனக்கு அந்த ஒண்டுதான் வந்தது.”