நோன்பு நாளில் பெட்டி கட்ட மறுத்த சாரா

சாரா போய்விட்டாள். இஸ்ரேலிலிருந்து அவள் மகன் இன்று காலை போன் செய்தான்... அடக்கமும் முடிந்துவிட்டதாம்.

எனக்குத் தொண்ணூறு தாண்டி வெகு நாளாகிறது. ஆனாலும் இதை நானேதான் டைப் செய்வேன்.

சுதந்திரத்துக்கு முந்தைய திருவனந்தபுரம். பெண்கள் ஹாஸ்டலில் நாங்கள் இருவரும் ரூம்மேட்ஸ். நான் நாகர்கோவில் சர்ச் குடும்பம், அவள் கொச்சி யூதப் பெண்.

கிப்பூர் என்பது அவர்களுக்குப் பெரிய நோன்பு. பாவமன்னிப்பு நாள். அதற்கு முன்பே தெரிந்தவர்களிடமெல்லாம் போய் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டுமாம்... வார்டனிடமும் கேட்டாள். வார்டனுக்கு ஏக சந்தோஷம்.

மறுநாள் வெள்ளைப் புடவை கட்டி, ஒரு வாய் தண்ணீர்கூட இல்லாமல், ஜெபப் புத்தகத்தோடு உட்கார்ந்துவிட்டாள்.

மாணவர்கள் ஆங்காங்கே 'சமரம்' என்று உண்ணாவிரதப் போராட்டம் நடத்திய காலம் அது. வார்டன் பயந்துபோய் மோர் டம்ளரோடு ஓடி வந்தார்.

"இது சமரம் தன்னே. குடி! நேத்து நீ மாப்பு கேட்டதல்லே?"

"அது செஞ்ச தப்புக்கு, மேடம். இது தப்பில்லா."

"எங்கில் பெட்டியக் கெட்டு. இப்போ ஹாஸ்டல விட்டு எறங்கணும்."

"எறங்கறேன், மேடம். பட்சே இன்னைக்கு வேலை ஒண்ணும் செய்யக்கூடாது. நட்சத்திரம் தெரிஞ்சப்புறம் கட்டறேன்."

சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்! வார்டன் மோர் டம்ளரோடு திரும்பி நடந்தார்... எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இருட்டியது. தண்ணீர் குடித்தாள், பெட்டியைக் கட்டினாள். பக்கத்தில் நானும் என் பெட்டியைக் கட்டினேன்.

"நினக்கு எந்தா, பைத்தியமா?" என்றாள்.

"ஆமா. நட" என்றேன்.

ஆரியசாலைக் கடைத்தெருவில் என் சித்தப்பாவுக்கு மிளகாய் வத்தல் மண்டி. மாடியில் ஓர் அறை காலியாகக் கிடந்தது. நடந்ததெல்லாம் சொன்னோம். அவர் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்.

"மக்ளே, இந்தப் பிள்ள நாளைக்காவது சாப்பிடுமா?"

அந்த நெடியில் தும்மித் தும்மியே படித்தோம். கொஞ்ச நாள் கழித்து வார்டன் ஆள் அனுப்பினார், இருவரும் திரும்பி வரலாம் என்று... போகவில்லை.

பரீட்சையில் அவள் பாஸ். நான் லாஜிக்கில் ஃபெயில்.

இப்போது வீட்டில் எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அழ மாட்டேன். கோபமாக இருக்கிறேன்... எனக்கு முன்னால் கிளம்பச் சொல்லி உன்னிடம் யாரடி சொன்னது?

சரி, போ சாரா. இந்த முறையாவது மிளகாய் நெடி இல்லாமல், காற்று வரும் இடமாகப் பார்த்து உட்கார்.